ஓக்லகோமாவும் கோலாரும்

நுழையும்முன்

பிறமொழி இலக்கியங்களைப் படிக்கும்போது நாம் கண்டிராத நிலத்தையும் அங்கு வாழும் மக்களையும் அறிந்துகொள்கிறோம். சில வேளைகளில் அந்நூல்கள் நம் வீட்டுப் பெரியோரிடம் நாம் கேட்காமல் விட்ட கேள்விகளையும் நினைவூட்டுகின்றன. அமெரிக்கப் புதினம் ஒன்றைப் படித்து, அதன் திரைவடிவத்தையும் கண்ட பெங்களூரு மாணவி ஒருத்தியின் வாசிப்பு அனுபவம் இப்பாடத்தில் இடம்பெறுகிறது.

குறிப்பேட்டின் இரு பக்கங்கள்

பெங்களூரு கிருஷ்ணராஜபுரத்தில் வாழும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, தான் படிக்கும் நூல்களுக்கும் பார்க்கும் திரைப்படங்களுக்கும் எனத் தனிக் குறிப்பேடு ஒன்று வைத்திருக்கிறாள். இடப்பக்கத்தில் நூல் சொல்வதை எழுதுவாள்; வலப்பக்கத்தில் தனக்குத் தோன்றுவதை எழுதுவாள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் என்று நான்கு மொழிகளுக்கு நடுவே வளர்ந்தவள் அவள். ஆயினும் குறிப்பேட்டின் மொழி ஆங்கிலமாகவே இருந்தது. விருப்பப்பாடமாகப் படித்த தமிழில் அவள் தேர்வுக்கு எழுதினாளேயன்றித் தனக்காக எழுதியதில்லை.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் அவள் அமெரிக்க இலக்கியங்களைப் படிக்கத் தொடங்கினாள். சர்ச் தெருவிலுள்ள பழைய புத்தகக் கடைகளில் அவை குறைந்த விலைக்குக் கிடைத்தன. மார்க் டுவைனின் ஹக்கிள்பெரி ஃபின் கதையில், அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஜிம்மைக் காட்டிக்கொடுப்பதே கடமை என்று ஊரார் கற்பித்திருந்தும், சிறுவன் ஹக் அவ்வாறு செய்ய மறுக்கிறான். 'சட்டம் சொன்னதைவிட நட்பு சொன்னது சரியாக இருந்தது' என்று அவள் வலப்பக்கத்தில் எழுதினாள். எர்னஸ்ட் ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' 1952இல் வெளிவந்த குறும்புதினம். எண்பத்து நான்கு நாள் மீனின்றித் திரும்பிய முதியவர், எண்பத்தைந்தாம் நாள் பெருமீன் ஒன்றைப் பிடிக்கிறார். கரை சேர்வதற்குள் சுறாக்கள் அதனைத் தின்றுவிடுகின்றன. 'தோற்றவர் போலத் தெரியவில்லை' என்னும் ஒரே தொடரை அதற்கு எழுதினாள்.

ஹார்ப்பர் லீயின் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' 1960இல் வெளிவந்தது. 1962இல் அது திரைப்படமானது. வழக்கறிஞர் அட்டிகஸ் ஃபின்ச்சாக நடித்த கிரிகரி பெக் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட கறுப்பினத்தவர் டாம் ராபின்சனுக்காக அவர் நீதிமன்றத்தில் வாதிடுகிறார். நூலும் படமும் அவளுக்குப் பிடித்திருந்தன. ஆயினும் வலப்பக்கத்தில் ஒரு கேள்வி எழுந்தது: 'டாம் ராபின்சனின் வீட்டில் இருந்தவர்கள் இக்கதையைச் சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பார்கள்?' அக்கேள்வி தன் வீட்டுக்கும் உரியது என்பதை அவள் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

புழுதியில் புறப்பட்ட குடும்பம்

அதன்பின் அவள் படித்தது ஜான் ஸ்டைன்பெக் எழுதிய 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'. 'சினத்தின் திராட்சைகள்' என்பது அப்பெயரின் பொருள். 1939ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்த இப்புதினம் மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. ஸ்டைன்பெக் 1962இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசையும் பெற்றார்.

1930களில் அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளில் மழை பொய்த்தது. ஆழ உழுது புல்வேர் அகற்றப்பட்ட மண், காற்றில் புழுதியாய் எழுந்து வானை மறைத்தது. அதே காலத்தில் நாடெங்கும் பெரும் பொருளாதார வீழ்ச்சி. குத்தகை விவசாயிகளை வெளியேற்றிவிட்டு, பல குடும்பங்கள் செய்த வேலையை ஒரே டிராக்டரைக் கொண்டு நில உரிமையாளர்கள் செய்துகொண்டனர். ஓக்லகோமா மாநிலத்தின் சாலிசா என்னும் ஊரைச் சேர்ந்த ஜோட் குடும்பம், பழைய கார் ஒன்றைச் சரக்கு வண்டியாக மாற்றி, பாத்திரம் பண்டங்களுடன் மேற்கே கலிபோர்னியாவை நோக்கிப் புறப்படுகிறது. பழம் பறிக்க ஆட்கள் தேவை என்று அச்சிட்ட துண்டுத்தாள் ஒன்றே அவர்களுடைய நம்பிக்கை. ஓக்லகோமா எல்லையைக் கடப்பதற்குள் பாட்டனார் இறக்கிறார். பாலைவனத்தைக் கடக்கும் இரவில் பாட்டியார் இறக்கிறார். கலிபோர்னியாவை அடைந்தபோது, அதே துண்டுத்தாளை நம்பி வந்த ஆயிரக்கணக்கானோர் அங்கு நிற்கின்றனர். ஆள் பெருகியதால் கூலி குறைகிறது.

அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் 'ஓக்கி'. ஓக்லகோமாக்காரர் என்பதைச் சுருக்கிய அச்சொல் காலப்போக்கில் வசைச்சொல்லாயிற்று. அவர்கள் பட்ட துயரத்தை நூல் வெளிப்படையாகச் சொன்னதால் கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்டம் அந்த ஆண்டே அதனைத் தன் பள்ளிகளிலும் நூலகங்களிலும் தடைசெய்தது. ஒரு சாரார் விரும்பாத கதையையும் சொல்லத் துணிந்தது இலக்கியம் என்று மாணவி இடப்பக்கத்தில் குறித்துக்கொண்டாள். வலப்பக்கம் மட்டும் மூன்று நாள் வெறுமையாய் இருந்தது.

ஊரின் பெயர்

அவளுடைய தாத்தா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளராக இருந்தவர். கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், ஆந்திர, தமிழக எல்லைகளுக்கு அருகில் உள்ளது அவ்வூர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய நிறுவனத்தார் அங்குப் பெரிய அளவில் தங்கம் தோண்டத் தொடங்கியபோது, வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் குடியேறினர். 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்தின் காவிரி நீர்மின்சாரம் முதலில் சென்றடைந்தது தங்கவயலுக்கே. பெங்களூருத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது விளங்கியது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கவயலின் சுரங்கங்கள் மூடப்பட்டன.

பள்ளியில் யாரேனும் சொந்த ஊரைக் கேட்டால், தங்கவயல் என்று அவள் சொல்வாள். உடனே நண்பர்களுக்கு 2018இல் வெளிவந்த 'கே.ஜி.எஃப்' திரைப்படம் நினைவுக்கு வரும். துப்பாக்கியும் தங்கக் கட்டியும் நிறைந்த அக்கற்பனைக் கதையை அவளும் விரும்பிப் பார்த்தவளே. ஆனால் ஊரின் உண்மையான வாழ்வைப் பற்றி அதற்குமேல் சொல்ல அவளிடம் ஒன்றும் இருந்ததில்லை. ஓக்லகோமாவின் மழையின்மையும் டிராக்டரும் துண்டுத்தாளும் அவளுக்குத் தெரிந்தன. தன் தாத்தா எந்தச் சுரங்கத்தில் வேலை செய்தார் என்பது தெரியவில்லை. வெறுமையாய் இருந்த வலப்பக்கத்தில் அவள் இறுதியில் எழுதியது இதனைத்தான்.

சொல்லில்லாக் காட்சி

இப்புதினத்தை ஜான் ஃபோர்டு இயக்கிய திரைப்படம் 1940இல் வெளிவந்தது. மகன் டாம் ஜோடாக ஹென்றி ஃபோன்டா நடித்தார். தாய் வேடம் ஏற்ற ஜேன் டார்வெல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதையும், ஃபோர்டு சிறந்த இயக்குநருக்கான விருதையும் பெற்றனர். கறுப்பு வெள்ளைப் படம். விடுமுறை நாளொன்றில் அவள் அதனை வீட்டில் பார்த்தாள். அவள் 'ஆயா' என்றழைக்கும் பாட்டியும் அருகில் அமர்ந்தார். வட ஆர்க்காட்டு வழக்கில் ஆயா என்றால் பாட்டி. பாட்டியாருக்கு ஆங்கிலம் தெரியாது.

புறப்படுவதற்கு முந்திய வேளையில், தாய் அடுப்பருகே தனியே அமர்ந்து ஒரு பெட்டியைத் திறக்கிறாள். பழைய கடிதங்களையும் அஞ்சலட்டையையும் எடுத்துப் பார்க்கிறாள். சிலவற்றை நெருப்பில் இடுகிறாள். பிறகு இரண்டு தோடுகளைக் காதருகே பிடித்து, மங்கிய கண்ணாடியில் தன் முகத்தைக் காண்கிறாள். அக்காட்சியில் உரையாடல் இல்லை. அதுவரை பேசாதிருந்த ஆயா, "எதை எடுத்துப் போவது என்று பார்க்கிறாள்" என்றார்.

"நீங்கள் எதை விட்டுவிட்டு வந்தீர்கள், ஆயா?" என்று அவள் கேட்டாள். அவ்வீட்டில் அதுவரை யாரும் கேட்டிராத கேள்வி அது.

சுரங்கம் மூடிய பின் அவளுடைய தந்தைக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் கிளம்பும் ரயிலில் ஏறினால் இரவில்தான் வீடு திரும்ப முடியும். போக ஒருமுறை, வர ஒருமுறை என நாள்தோறும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். தங்கவயலிலிருந்து இன்றும் ஆயிரக்கணக்கானோர் இவ்வாறே பெங்களூருக்கு வந்து செல்கின்றனர். பல ஆண்டு கழித்துக் குடும்பமே கிருஷ்ணராஜபுரத்துக்கு இடம்பெயர்ந்தது. வண்டியில் இடமில்லாததால் ஆயா தம் ஆட்டுக்கல்லைப் பக்கத்து வீட்டில் விட்டுவந்தார். "திருமணமான ஆண்டு வாங்கியது. மாடி வீட்டில் அதை எங்கே வைப்பது என்று உன் அப்பா கேட்டான். அவன் கேட்டதும் சரிதான்" என்றார். சற்று நேரம் கழித்து, "அந்தக் குழவி என் கைக்கு அளவானது" என்று மட்டும் சொன்னார்.

ரொட்டியும் மிட்டாயும்

தாத்தா படத்தைவிடக் கதையையே விரும்பினார். எனவே அவள் புதினத்தின் பகுதிகளை நாள்தோறும் மாலையில் தமிழில் சொல்லத் தொடங்கினாள். ஆங்கிலத்தில் எளிதாய்ப் புரிந்த தொடர் தமிழில் வாயில் வர மறுத்தது. அவள் தடுமாறிய இடங்களில் தாத்தாவே சொல் எடுத்துக் கொடுத்தார்.

நெடுஞ்சாலை உணவகக் காட்சியை அவர் இருமுறை சொல்லச் சொன்னார். ஏழை ஒருவர் தம் இரு சிறுவர்களுடன் வந்து பத்து சென்டுக்கு ரொட்டி கேட்கிறார். பதினைந்து சென்ட் விலையுள்ள ரொட்டியைக் கடைப்பெண் பத்து சென்டுக்குக் கொடுக்கிறாள். சிறுவர்கள் மிட்டாயைப் பார்த்தபடி நிற்கின்றனர். விலை என்ன என்று தந்தை கேட்க, ஒரு சென்டுக்கு இரண்டு என்கிறாள் அவள். அவர்கள் சென்றபின்தான் அவை ஒவ்வொன்றும் ஐந்து சென்ட் விலையுள்ளவை என்பது வாசகர்க்குத் தெரியவருகிறது.

தாத்தா தங்கவயலின் மளிகைக் கடைக்காரர் ஒருவரை நினைவுகூர்ந்தார். சுரங்கம் மூடிய ஆண்டில் அவர் கணக்கு எழுதிக்கொண்டே பொருள் கொடுத்தார். தாத்தா பின்னொரு நாள் பணத்துடன் சென்றபோது, கணக்கேட்டில் அந்தப் பக்கம் கிழிந்துபோய்விட்டது என்று சொன்னார். "கிழிந்ததா, கிழித்தாரா என்று நான் கேட்கவில்லை" என்றார் தாத்தா. பிறகு அவளிடம் கேட்டார்: "அந்தச் சிறுவர்களுக்கு மிட்டாயின் உண்மை விலை பின்னால் தெரிந்ததா, கண்ணு?"

"நூலில் இல்லை, தாத்தா."

"அதுவே நல்லது" என்றார் அவர்.

தாத்தாவின் மறுப்பு

ஜோட் குடும்பத்தின் கதையும் தம் குடும்பத்தின் கதையும் ஒன்றே என்று அவள் ஒருநாள் மகிழ்ச்சியோடு சொன்னாள். தாத்தா அதனை ஏற்கவில்லை.

"அவர்கள் உழுத நிலத்தை இழந்தார்கள். எங்களுக்கு இழக்க நிலமே இல்லை" என்று அவர் தொடங்கினார். குடியாத்தத்துக்கு அருகிலுள்ள சிற்றூரில் அவருடைய தந்தை பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். கூலி தானியமாகக் கிடைக்கும். அதுவும் கொடுப்பவர் மனம்போல. மேல்சாதியார் வாழும் தெருவில் அவர் செருப்பணிந்து நடக்க முடியாது. தங்கவயலில் வேலை செய்தால் கையில் காசு கிடைக்கும் என்று கேள்விப்பட்டுத் தந்தை புறப்பட்டார். முதல் சம்பளத்தில் அவர் வாங்கிய பொருள் ஒரு சோடி செருப்பு.

"அங்கே துன்பம் இல்லையா, தாத்தா?"

"இருந்தது. பூமிக்கு அடியில் பாறை வெடித்து ஆட்கள் மாண்டார்கள். கல் தூசு நெஞ்சில் படிந்து, இருமி இருமி மாண்டவர்களும் உண்டு. வெப்பத்தில் உடல் உருகும். ஆனால் மேலே ஏறி வந்தால் தெருவில் நிமிர்ந்து நடந்தோம். சங்கம் வைத்தோம். பிள்ளைகளைப் படிக்கவைத்தோம். ஊரைவிட்டுப் போகும் எல்லோரும் அழுதுகொண்டே போவதில்லை, கண்ணு."

அன்றிரவு அவள் புதினத்தின் ஐந்தாம் அத்தியாயத்தை மீண்டும் படித்தாள். இது எங்கள் நிலம் என்று வாதிடும் விவசாயிகள், தம் பாட்டன்மார் அங்கிருந்த பழங்குடியினரைக் கொன்றும் விரட்டியும் அதனைப் பெற்றனர் என்பதையும் அவ்வத்தியாயத்தில் சொல்கின்றனர். முதல் வாசிப்பில் அந்த இடத்தை அவள் விரைந்து கடந்திருந்தாள். கதையில் வரும் சாலிசா, செரோக்கி மக்களுக்கு உரிய பகுதியில் உள்ள ஊர். தென்கிழக்கு மாநிலங்களில் வாழ்ந்த அம்மக்களை அமெரிக்க அரசு 1838-39ஆம் ஆண்டுகளில் வலிந்து அங்கு வெளியேற்றியது. வழியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தம் மொழிக்கு எழுத்துமுறை படைத்த செக்கோயா என்னும் செரோக்கி அறிஞர் வாழ்ந்த மரவீடு இன்றும் சாலிசாவுக்கு அருகில் பாதுகாக்கப்படுகிறது. ஒருவர் இழந்த நிலத்தின் அடியில் வேறொருவர் இழந்த நிலமும் இருக்கக்கூடும் என்று அவள் எழுதினாள். தாத்தாவின் மறுப்பைக் கேட்டிராவிட்டால் அவள் அந்தப் பக்கத்துக்குத் திரும்பியிருக்க மாட்டாள்.

இரண்டு முடிவுகள்

படமும் நூலும் ஒரேவிதமாக முடிவதில்லை. படத்தின் இறுதியில், வேலை தேடி மீண்டும் புறப்படும் வண்டியில் அமர்ந்து, எளிய மக்கள் அழியமாட்டார்கள் என்று தாய் உறுதியோடு பேசுகிறாள். நூலில் வெள்ளம் வருகிறது. மகளின் குழந்தை இறந்தே பிறக்கிறது. ஒதுங்க இடம் தேடி ஒரு களஞ்சியத்தை அடைந்த அக்குடும்பம், பசியால் சாகும் நிலையிலிருக்கும் முன்பின் அறியாத ஒருவரை அங்கே காண்கிறது. தன் குழந்தையைப் பறிகொடுத்த அந்த இளந்தாய், குழந்தைக்குரிய பாலைக் கொடுத்து அவர் உயிரைக் காக்க முன்வருகிறாள். அத்துடன் நூல் நிற்கிறது.

எல்லாவற்றையும் இழந்தவரிடமும் கொடுக்க ஒன்று இருக்கிறது என்பதால் நூலின் முடிவே உயர்ந்தது என்றாள் மாணவி. தாத்தா படத்தின் பக்கம் நின்றார். "கதையைப் படித்து முடித்தவள் நீ, உட்கார்ந்து யோசிக்கலாம். படம் பார்த்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போகிறவனுக்கு நடக்கத் தெம்பு வேண்டும்" என்றார். இருவரும் இன்றுவரை இதில் உடன்படவில்லை.

தமிழில் இத்தகைய கதைகள் உண்டா என்று அவள் தமிழாசிரியரிடம் கேட்டாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்றவர்களின் துயரைச் சொல்லும் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை அவர் காட்டினார். மருத்துவர் பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கிய புதினத்தையும் அறிமுகப்படுத்தினார். வால்பாறை மலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களின் கதை அது. அதனைத் தழுவி இயக்குநர் பாலா 2013இல் 'பரதேசி' என்னும் படத்தை எடுத்தார். மெல்ல, எழுத்துக் கூட்டிப் படிக்க நேர்ந்தாலும், அவள் அவற்றைத் தமிழிலேயே படித்து வருகிறாள்.

தாத்தா சொல்வதை எழுதவும் தொடங்கிவிட்டாள். ஆங்கிலத்தில் எழுதினால் தாத்தாவால் படித்துத் திருத்த முடியாது. ஆகவே தமிழில் எழுதுகிறாள். றகர ரகரங்களும் ளகர லகரங்களும் மாறி விழுகின்றன. சுரங்க வேலைக்கு உரிய சொற்கள் சில எந்த அகராதியிலும் கிடைக்காமல் தாத்தாவின் வாயிலிருந்தே வருகின்றன. அவற்றைத் தனியே தொகுத்து வைக்கிறாள்.

'என் கொள்ளுத்தாத்தா வறுமையின் காரணமாக ஊரைவிட்டுச் சென்றார்' என்பது அவள் எழுதிய முதல் வாக்கியம். மூக்குக்கண்ணாடியை அணிந்து அதனைப் படித்த தாத்தா, எழுதுகோலை வாங்கிக் கோடிட்டு அடித்தார். எழுத்துப்பிழை ஏதும் அதில் இல்லை. அதன் கீழே தம் கையாலேயே எழுதினார்: 'செருப்பணிந்து நடக்க விரும்பிய ஒருவர் ஊரைவிட்டுப் புறப்பட்டார்.'